கொன்ற, கொண்ட

2025 ஜனவரி 3
தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் முதியோர் வகுப்பு டீச்சர் ஷண்முகப்ரியா. எழுதுகிறேன். என் எழுத்தை நானே பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறேன். பட்டாளத்தில் இங்கிலீஷ் எழுத்தில் இந்தி சொல்லிக்கொடுத்தார்கள். அதை வைத்தே தீயணைப்பு வேலையையும் ஒப்பேற்றினேன். தமிழ் எழுபத்துநாலு வயதில் வருகிறது.

ஜனவரி 5
கால்வாய்ச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று முழுதாகப் படித்தேன். படித்து முடிக்கும்வரை ஒருவன் அதன் மேலேயே கழித்துக்கொண்டிருந்தான். தூ. படிக்கத் தெரியாதபோது நாற்றம் மட்டும்தான். இப்போது கோபமும் சேர்ந்துகொண்டது.

ஜனவரி 9
எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் போஸ்டரை இன்று படித்தேன்! குடியரசு தினத்துக்கு நற்பணி மன்றத்து வெங்கடேஷ் வருஷா வருஷம் ஒட்டுவது. யூனிபாரத்தில் என் போட்டோ. கீழே, 'எல்லையில் துலுக்கர்களைக் கொண்ட எங்கள் சிங்கம் வேலு'. சரிதான். எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையில் நான் சுட்டவன் இல்லை, ஸ்ட்ரெச்சர் தூக்கியவன். அடிபட்டுக் கிடந்த அந்தப் பக்கத்து ஆட்களையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைத்தான் போட்டிருக்கிறான். துலுக்கர் என்ற சொல் மட்டும் வேண்டாம். என் கூட்டாளி கலீமுல்லா பார்த்தால் என்ன நினைப்பான்?

ஜனவரி 10
சம்சாரம் தேவானைக்குப் படித்துக் காட்டினேன். "உலை கொதிக்குதுய்யா" என்று உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 13
போகி. டயரைக் கொளுத்துகிறார்கள். தீயோடு வேலை பார்த்தவனுக்கு இந்தப் புகையைக் கண்டாலே குமட்டுகிறது.

ஜனவரி 20
டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினோம். 'புலி மானைக் கொன்றது.' நான் 'கொண்டது' என்று எழுதினேன்.
"ஐயா, கொண்டது வேற. பேசும்போது கொன்னதுன்னு சொல்றோமில்ல? அதைத்தான் கொன்றதுன்னு எழுதணும்."
வீட்டுக்கு வந்து கூடத்துப் போஸ்டரைப் பார்த்தேன். மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ண்ட இல்லை, ன்ற.
நானா? நான் யாரைக் கொன்னேன்?
"உனக்குத் தெரியுமா?" என்றேன் தேவானையிடம்.
"உம் போட்டோவ அம்மாம் பெருசா போட்டுக்கீறான். நீ மாப்பிள்ள மாரி நடந்துகினு இருந்தே. எப்டிய்யா சொல்றது?"


ஜனவரி 21
ராயப்பேட்டைக்குப் போனேன். கலீமுல்லாவும் நானும் ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்கள். கொரோனாவுக்கு முந்தின வருஷத்திலிருந்து அவன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. முட்டி வலி என்பான். நானும் நம்பினேன்.
'கொண்ட' என்று படித்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை.
"உனக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியாதா வேலு? உன் சம்சாரம் படிக்கும். உம் புள்ள படிப்பான். எல்லாரும் அதுக்குக் கீழதான உக்காந்து துன்னுகினு இருந்தீங்க? அத்தப் பாத்துகினே நான் டீ குடிக்கணுமா?"
எனக்கு டீ வந்தது. குடித்தேன். வாசல்வரை அவன் வரவில்லை.

ஜனவரி 22
கூடத்துப் போஸ்டரைக் கழற்றினேன். பின்னால் கரப்பான் முட்டை.

ஜனவரி 23
வெங்கடேஷிடம் இந்த வருஷம் அந்த வரி வேண்டாம் என்றேன்.
"இன்னா தாத்தா, ஒரு கெத்துக்குதான். ஸ்ட்ரெச்சர் தூக்குனாருன்னு போட்டா எவன் நின்னு படிப்பான்? நீ வந்து கொடிய ஏத்து, போதும்."
தோளில் தட்டினான். சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

ஜனவரி 25
சந்து முழுக்க ஒட்டிவிட்டான். அதே வரி. என் முகத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜனவரி 26
விடிந்ததும் கொத்துக்கரண்டியோடு இறங்கினேன். "டேய், தாத்தா அதோட போஸ்டரையே கிழிக்குதுடா!" என்று பையன்கள் கத்தினார்கள். நாறுகிற பசை. மீசை வரைதான் வந்தது, வரி அப்படியே நின்றது.
பின்னால் ஆட்டோ நின்றது. கலீமுல்லா. தேவானை போன் போட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.
சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"அரே, காஞ்சத சொரண்டிகினுகீறான் பாரு. தண்ணி ஊத்துய்யா. ஊறட்டும்."
தேவானை வாளியைக் கொண்டுவந்தாள். அவன் ஊற்றினான், நான் உரித்தேன். வரி முழுசாக வழிந்து சாக்கடைக்குப் போயிற்று.
கொடிக்கம்பத்திலிருந்து மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள்.
"கூப்புடறானே, போவலியா?" என்றான் கலீமுல்லா.
"கை பூரா பசை" என்றேன்.
அடுத்த சுவருக்குப் போனோம்.