ஒரு பக்கம் மட்டும் ஆணி

செவ்வாய்க்கிழமை

மேஸ்திரி அவர்களுக்கு,

சபைச் செயலாளர் எழுதிக்கொள்வது. இது அலுவல் முறைக் கடிதம். ஆகவே வழக்கமான அன்பு விசாரிப்புகளோடு தொடங்கவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நீ நம் கோவில் கூரையைப் பிரித்து மாற்றினாய். அது முடிந்த நான்காம் மாதம், ஆராதனையில் இரண்டாம் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது, பலிபீடப் பகுதியும் மண்டபமும் சேரும் இடத்தில் சுவர் சத்தத்தோடு வெடித்தது. ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்த விரிசல் இப்போது தரையிலிருந்து கூரை வரை ஓடுகிறது. காற்று அடிக்கும் நாளில் அதன் வழியாக மணல் உள்ளே வந்து முன்வரிசைக்காரர்களின் பாட்டுப் புத்தகத்தில் படிகிறது.

தலைமை அலுவலகத்திலிருந்து இஞ்சினீயர் ஒருவர் இரண்டு வாரத்தில் வரப்போகிறார். ஆபத்து என்று எழுதிவிட்டால் கோவிலைப் பூட்டி இடித்துவிடுவார்கள். பிறகு நாமெல்லாம் சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் இன்னொரு லுத்தரன் கோவிலுக்குப் போய் அவர்களோடு ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் எட்டரை மணி ஆராதனையை ஒன்பதே காலுக்குத் தொடங்குகிறவர்கள் என்பது உனக்குத் தெரியும்.

கூரையில் என்ன வேலை செய்தாய், என்ன எடை ஏற்றினாய், சுவரில் எங்கெல்லாம் கை வைத்தாய் என்பதை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பவும். உன் வேலையால்தான் சுவர் போயிற்று என்று கமிட்டி தீர்மானம் போட்டது பழைய கதை. அதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை.

உன் அம்மா நலம். முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாமே. உன் அம்மா போனில் படத்தை நீட்டினாள். கண்ணாடி கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் குளிக்கப் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். அலுவல் கடிதத்தில் இதற்கு மேல் எழுதுவது முறையல்ல.

இப்படிக்கு,
செயலாளர்


ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோவில் விழாது. இடிக்க வேண்டியதும் இல்லை. உன் கூரையில் ஒரு குறையும் இல்லை. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

இஞ்சினீயர் புதன்கிழமை வந்தார். வழுக்கைத் தலையும் பெரிய பெட்டியுமாக யாரோ வரப்போகிறார் என்று நான் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். முப்பது வயது கூட ஆகாத ஒரு பெண் தொப்பியோடு இறங்கி, "செயலாளர் ஐயா நீங்கதானே? இந்த வெயில்ல ஏன் நிக்கிறீங்க" என்று கேட்டார். கையில் ஒரு தூக்குக்குண்டு, ஒரு உளி, ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான். இந்தப் பெண்ணா நம் கோவிலின் தலையெழுத்தை எழுதப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்து எடை போடுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

வந்தவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. கோவிலின் சரித்திரத்தைச் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் நான் வாசிக்கும் அந்த இரண்டு பக்கத்தை எடுத்து வாசித்தேன். சுரங்க வேலைக்கு வந்த ஏழு குடும்பங்கள் கூடாரத்தில் கூடியது, பிறகு தகரக் கொட்டகை போட்டது, கோடையில் அதற்குள் மெழுகுவர்த்திகள் ஏற்றாமலே வளைந்து தலைகுனிந்தது, பிறகு வெயிலில் காயவைத்த மண்கல்லால் இரண்டு முழத் தடிப்பில் சுவர் எழுப்பி, வெயில் எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன சன்னல்கள் வைத்து ஒரு சிறு கோவில் கட்டியது. அதுதான் இப்போது பலிபீடம் இருக்கும் பகுதி. முப்பது வருடம் கழித்து ஆட்கள் பெருகியதும் அதன் வாசல் சுவரை எடுத்துவிட்டு, சிமெண்டுக் கல்லால் மண்டபத்தைக் கட்டினார்கள். வரைபடம் போட்ட போதகர் பனி பெய்யும் நாட்டிலிருந்து வந்தவர்; சுரங்கக் குடியிருப்புக் கோவிலையும் அவர்தான் கட்டினார். பனி சறுக்கி விழுவதற்காகக் கூரையைச் செங்குத்தாக வரைந்துவிட்டார். இங்கே நூறு வருடமாக மணல்தான் சறுக்கி விழுகிறது. இந்த இடத்தில் சபையார் சிரிக்க வேண்டும், ஆனால் அதற்குள் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். இஞ்சினீயர் சிரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் கடைசி வரை கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பிறகு என்னை உள்ளே கூட்டிப் போய், என் ஒரு கையை மண்கல் சுவரிலும் இன்னொரு கையை மண்டபத்துச் சுவரிலும் வைக்கச் சொன்னார். மணி பன்னிரண்டு. மண்கல் சுவர் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. மண்டபத்துச் சுவரில் கையை வைக்க முடியவில்லை. "ரெண்டும் ஒரே வெயில்லதான் நிக்குது ஐயா. ஆனா இது ஒரு வேகத்துல வீங்கும், அது ஒரு வேகத்துல வீங்கும்" என்றார். தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். விரிசல் நூல் பிசகாமல் குண்டோடு நேராக நின்றது. பாரம் தாங்காமல் உடைகிற சுவர் கோணல்மாணலாகத்தான் உடையும், இப்படிக் கோடு போட்டது போல உடையாது என்று சொன்னார். அப்போதே எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மீதி உயிரை அவர் சாயங்காலம் எடுத்தார். உளியால் விரிசலைச் சுரண்டினால் சிமெண்டு, பெயிண்டு, சிமெண்டு, பெயிண்டு என்று அடுக்கடுக்காக வந்தது. நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றுக்கும் அடியில், விரல் நீளத்துக்கு, தார் தோய்த்த கயிறு ஒன்று மக்கிக் கிடந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுரங்கக் குடியிருப்புக் கோவிலும் அதே போதகர் கட்டியதுதான் என்று நான் வாசித்திருந்தேன் அல்லவா, உடனே அங்கே போக வேண்டும் என்றார்.

போனோம். அங்கேயும் பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் அதே இடத்தில், தரையிலிருந்து கூரை வரை ஒரு மரச்சட்டம். ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்திருந்தது. மறுபக்கம் சும்மா சுவரில் சாய்ந்திருந்தது. அதை நெம்பிப் பார்த்தால் உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி, அதில் அதே தார்க் கயிறு. இரண்டு சுவரும் வெயிலில் வீங்குவதற்கும் குளிரில் சுருங்குவதற்கும் வேண்டுமென்றே விட்ட இடம் அது. சட்டத்தை இரண்டு பக்கமும் அடித்தால் பிளந்துவிடும் என்பதால்தான் ஒரு பக்கம் மட்டும் ஆணி. பனி நாட்டுக்காரர் கூரையில்தான் ஏமாந்தார், சுவரில் ஏமாறவில்லை. அந்தச் சபையார் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. சோம்பேறிகள் என்று அவர்களை நான் எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்! அவர்கள் சோம்பேறித்தனம் அவர்கள் கோவிலைக் காப்பாற்றியிருக்கிறது. என் சுறுசுறுப்பு நம் கோவிலை உடைத்திருக்கிறது.

ஆமாம், நான்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு செயலாளரானதும் முதல் வேலையாக நம் கோவிலில் இருந்த மரச்சட்டத்தைப் பிடுங்கிப் போட்டேன். ஒரு பக்கம் ஆணியில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. கட்டினவனுக்கு ஆணி தீர்ந்துபோயிருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். உள்ளே சந்து தெரிந்தது, சிமெண்டு வைத்து அடைத்தேன். அது வருடா வருடம் வாய் திறந்தது. நானும் வருடா வருடம் ஆண்டுவிழாவுக்கு முதல் வாரம் சட்டியும் கரண்டியுமாகப் போய் அடைத்தேன். பம்ப் ஹவுஸில் முப்பது வருடம் ஒழுகும் குழாயை அடைத்த கை, சும்மா இருக்குமா? உன் கூரை வேலை முடிந்த வருடம், நீ மிச்சம் வைத்த மூட்டையிலிருந்து நல்ல சிமெண்டை எடுத்து, இனி இது ஜென்மத்துக்கும் திறக்கக்கூடாது என்று கம்பியால் குத்திக் குத்தி ஆழமாகத் திணித்தேன். அந்தக் கோடையில் சுவர் வீங்க இடமில்லாமல் வெடித்தது.

அப்போது நீ ஏணியடியில் நின்று, "அப்பா, அத அடைக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாய். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று நான் கத்தினேன். கரண்டியைக் கூட உன் பக்கம் ஆட்டினேன். அது உனக்கு மறந்திருக்காது. எனக்கு இந்த வாரம் வரை மறந்தே போயிருந்தது, பார்.

வியாழக்கிழமை கமிட்டியைக் கூட்டினோம். இஞ்சினீயர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, இதை அடைத்தது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மரக்கடைக்காரர் எழுந்து, "வேற யாரு, எல்லாம் அந்த மேஸ்திரிப் பய வேலைதான்" என்றார். உன் மேல் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தானே, எப்படி விடுவார்? அப்போது என் சட்டைப் பையில் உன் பதில் கடிதம் இருந்தது. பழைய ஓடுகளை விடப் புதிய தகடுகள் எடை குறைவு என்று கணக்கோடு எழுதியிருந்தாய். கடைசியில் 'சுவரை நான் தொடவில்லை' என்று ஒரு வரி. யார் தொட்டார்கள் என்று நீ எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு கமிட்டி முன்னால் உன்னை நிறுத்தி வைத்துக் கேட்டபோதும் நீ அதைச் சொல்லவில்லை. எதிரில் பேனாவோடு உட்கார்ந்து தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாய். குற்றம் செய்தவன் தலையைக் குனிகிறான் என்று நான் நினைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது.

நான் எழுந்து, அடைத்தது நான்தான் என்று சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினேன். மரக்கடைக்காரர்தான் அதை என் பக்கமே தள்ளிவிட்டு, "ராஜினாமால்லாம் வேணாம் அண்ணே, அந்தச் சிமெண்டுச் சட்டிய மட்டும் குடுத்துடுங்க" என்றார். கமிட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? சட்டி இப்போது அவர் கடையில் இருக்கிறது.

இன்று காலை ஆராதனை. பாவ அறிக்கையை நான் எப்போதும் மற்றவர்களை விட அரை வரி முந்திச் சொல்லி முடித்துவிடுவேன் என்று நீ சின்ன வயதில் கேலி செய்வாய். இன்று எல்லோரும் முடித்த பிறகும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போதகர் காத்திருந்தார். பிறகு அவர் அனுமதியோடு முன்னால் போய், உன் மேல் போட்ட தீர்மானம் தவறு, அது ரத்து என்று வாசித்தேன். தவறு யாருடையது என்பதையும் வாசித்தேன். இந்தச் சரித்திரத்துக்கு ஒருவர் கூடத் தூங்கவில்லை. உன் அம்மா வீட்டுக்கு வந்ததும் சிரித்தாள், அழுதாள், பிறகு இரண்டு வருடமாக இல்லாத அளவுக்குச் சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தாள்.

மகனே, கோவில் தப்பியது பெரிய நிம்மதிதான். ஆனால் அந்தத் தீர்மானத்தால் ஊரில் ஒருவரும் உனக்கு வேலை கொடுக்கவில்லை. சொந்தமாக ஆள் வைத்து வேலை பார்த்தவன், இப்போது வெளியூரில் யாரோ ஒருவரிடம் கூலிக்குக் கல் அடுக்குகிறாய். குழந்தை அங்கே பிறந்தது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

இடைவெளியைச் சுத்தம் செய்து, புதிய தார்க் கயிறு வைத்து, சட்டம் அடிக்க வேண்டும். அந்த வேலையை உனக்கே கொடுப்பது என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. சட்டத்துக்கு மரம் மரக்கடைக்காரர் தருகிறார், கேட்காமலே. நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் உன் அம்மாவைக் கூப்பிடு. குழந்தைக்கு ஞானஸ்நானம் இன்னும் கொடுக்கவில்லை என்று மருமகள் சொன்னாளாம். தொட்டியில் கீறல் கூட இல்லை. துடைத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. தீர்மானத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது சபை விதி. போன தடவை, ஒரே வீட்டில் அடுத்த அறையில் இருந்த உனக்கு அப்படித்தான் அனுப்பினேன். தபால்காரர் வந்தபோது கதவைத் திறந்ததும் நான்தான். உன்னைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன்.

இந்த நகலைத் தபாலில் அனுப்ப மாட்டேன். விதி இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் மூன்று பேரும் வந்து கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வழியெல்லாம் கர்த்தர் உங்களுக்குத் துணையாக இருப்பார். எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் தட்டு, நான்தான் திறப்பேன்.

அப்பா