விருந்தினர் அனுமதி

மார்ச் 4, புதன்

அலுவலகத்துக்கு வைஃபை தரும் புது அக்சஸ் பாயிண்ட்கள் வந்து இறங்கின. வெள்ளை வட்டத் தட்டுகள். கூரையில் பொருத்திவிட்டால் இருப்பதே தெரியாது. மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் ஒரே கம்பி. போனில் பேசிக்கொண்டே மாடி ஏறினால், ஒன்று நம்மை அடுத்ததிடம் அலுங்காமல் ஒப்படைத்துவிடும். ஒன்றை வீட்டில் மாட்டிச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். எனக்குச் சொல்லவா வேண்டும்!

மார்ச் 7, சனி

ஹாலில் மாட்டியாயிற்று. "வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?" ஏணியைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அலுவலக அமைப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டேன்: எங்களுக்கு ஒரு வைஃபை, விருந்தினருக்கு ஒன்று.

நாளை அவர் மகள் வருகிறாள். அம்மா இறந்ததிலிருந்து அத்தை வீட்டில் வளர்ந்தவள். "பரீட்சை வரைக்கும் இருந்து பாக்கறேன். ஒத்து வரலைன்னா அத்தைகிட்டயே போயிடுவேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நியாயம்தானே? எங்கள் கல்யாணமே இப்போதுதான் நடந்தது. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் நேற்று முளைத்த சித்தி. ஒத்து வரணுமே, கடவுளே.

மார்ச் 8, ஞாயிறு

வந்துவிட்டாள். பேசுவதற்கு முன் அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமுகிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சூட்கேஸைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளினாள். போனை மட்டும் நீட்டினாள். வைஃபை போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

என்னை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கத்திரிக்கோல் எங்க இருக்கு?" அவ்வளவுதான், மொட்டையாக. போகட்டும். வாயில் வரும்போது வரட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

விருந்தினர் வைஃபையின் அருமை பெருமைகளை மேனேஜருக்கு விளக்கினேன். வெளியாளுக்கு இணையம் மட்டும் கிடைக்கும். நம் பிரிண்டரோ கம்ப்யூட்டரோ கண்ணிலேயே படாது. மாதக் கெடு முடிந்தால் தானே வெளியேற்றிவிடும். "பலே" என்றார்.

சாயங்காலம் அவள் மழையில் நனைந்து வந்தாள். பள்ளிக்கூட வேலையைக் கடையில் பிரிண்ட் எடுத்தாளாம். வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே என்றேன்.

"என் போன்ல காட்டல."

பார்க்கிறேன் என்றேன். எங்கே பார்த்தேன்? தலைக்கு மேல் வேலை.

ஏப்ரல் 8, புதன்

காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றாள். போனைக் காட்டினாள். திரையில், அலுவலகத்துக்கென்று நானே எழுதிய வரி: 'உங்கள் விருந்தினர் அனுமதி முடிந்தது. வருகைக்கு நன்றி.'

"நான் கிளம்பணுமா?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! புதுசா எது வந்தாலும் முதல்ல கெஸ்ட்ல போட்டுப் போட்டு ஊறிப்போன கை. அதுக்காக இந்தப் பிள்ளையையுமா — அவ வீட்லயே —

அடுப்பை அணைத்தேன். "இல்லம்மா, இல்ல. இது என் முட்டாள்தனம்" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அப்பா போன், என் போன், பிரிண்டர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. "உன் போனும் இங்கதான் இருக்கணும். நீயே சேரு." கருவிக்குப் பெயர் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு 'சுண்டெலி' என்று தட்டினாள். அத்தை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒரு மாதமாக இது எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 11, சனி

பிரிண்டருக்கு ஓய்வே இல்லை. தாள் தீர்ந்தது. அதட்டலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பரீட்சை முடிந்து மூன்று நாள் ஆகிறது. போவதைப் பற்றி அவளும் பேசவில்லை, கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

மதியம் அவள் தோழி வந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"வைஃபை பாஸ்வேர்டு சொல்லுடி" என்றாள் தோழி.

"நீ கெஸ்ட்ல சேந்துக்கோ. இன்னொண்ணு எங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான். சித்தி ரொம்பக் கண்டிப்பு, திட்டுவாங்க."

கண்டிப்பாம். நானாம்! மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.