பின்சக்கரத்துக்குப் பின்னால்

மே 25, ஞாயிறு

மேல்பாதையில் இன்னும் பனித் திட்டுகள். நாங்கள் போனோம். நாங்கள் என்றால் நானும் என் நாய் பிக்காவும். என் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு நாய் நீளம் பின்னால் ஓடிவருகிறாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை.

இறக்கத்தில் மட்டும் பிந்துவாள். இரட்டை லார்ச் மரத்தடியில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், பிரேக் பிடித்து நின்று எண்ணுவேன். பதினொன்றில் வந்துவிடுவாள். இன்றும் பதினொன்று.

கால்நடை டாக்டர் யூன் சொன்ன கணக்கு: வாரத்துக்கு இரண்டு ஓட்டம், அடுத்தடுத்த நாளில் கூடாது. அவளுக்கு ஆறு வயது. மூட்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயது. பார்த்துக்கொள்கிறேன். நான் எதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்றால் இதைத்தான்.

ஜூன் 1, ஞாயிறு

விழுந்தேன். வலது காறை எலும்பு. இடது கையால் எழுதுகிறேன். பத்து வாரம் சைக்கிள் கிடையாது.

ஜூன் 9, திங்கள்

வலி மாத்திரை தூக்கத்தை அள்ளிக் கொட்டுகிறது. விழிக்கும்போது மணி பதினொன்று. நூலகத்தில் மருத்துவ விடுப்பு கொடுத்துவிட்டார்கள்.

கட்டிலடியில் பிக்கா. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறாள். ஹெல்மெட் அலமாரியைத் திறந்தேன் – அந்தச் சத்தத்துக்குக் குதிப்பவள் – தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்காகத்தான். நான் ஓடாதபோது தானும் ஓடுவதில்லை என்று இருக்கிறாள்.

கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து அம்மா போர்ஷ் சூப்போடு வந்திருந்தாள். இதைச் சொன்னேன். "உன் எலும்பு ஒடைஞ்சா நாய் ஏண்டி துக்கம் காக்கணும், லூபா?" என்றாள். சிரித்தால் தோள் வலிக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு மடங்கு தின்கிறாள். ஆனாலும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது.

துக்கத்தில் இளைப்பார்கள், சரி. துக்கத்தில் யாராவது இவ்வளவு சாப்பிடுவார்களா?

ஜூன் 20, வெள்ளி

முன்னங்கால் நொண்டுகிறாள். அம்மா காரில் கூட்டிப்போனாள்.

டாக்டர் யூன் பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் தோல் தேய்ந்து ரோஜா நிறத்தில் இருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மூன்று கிலோ குறைந்திருக்கிறாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓட விடறீங்க?"

கழுத்திலிருந்து தொங்கும் என் கையைக் காட்டினேன். கையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி கையை. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்போ உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு" என்று ரத்தம் எடுத்தார்.

உள்ளுக்குள் என்ன? பெயர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, அந்தக் குரலிலேயே, கெலோனாவுக்குப் போய் ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார். சரியாக இருப்பதற்கு எதற்கு ஸ்கேன்? கேட்டிருக்க வேண்டும். ஆறு வயசுதானே இவளுக்கு. ஆறு வயசுதானே.

ஜூன் 26, வியாழன்

இடது விலாவில் கறுப்பாக ஒரு கோடு. தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது. முகர்ந்தேன். செயின் எண்ணெய்.

கொட்டகைக்குப் போய் என் சைக்கிளைப் பார்த்தேன். செயின் காய்ந்து கிடக்கிறது. ஹேண்டில்பாருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. பெரியது, அவசரமில்லாமல் கட்டியது.

ஜூன் 27, வெள்ளி

தெருவில் நின்ற யாருடைய சைக்கிளிலாவது உரசியிருக்கலாம். வேலியில் இடுக்கு இருக்கிறது. நாய்க்கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது.

இருக்கலாம், இருக்கலாம். எத்தனை இருக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

பதினோரு மணிக்கு விழித்தேன். ஏதோ ஒலி. பிக்கா காதைச் சொறியும்போதெல்லாம் கிணுகிணுத்தது.

அவள் கழுத்தில் ஒரு மணி. பித்தளை. கரடிகள் கேட்டு விலகட்டும் என்று காட்டுக்குப் போகிற நாய்களுக்குக் கட்டுவது. பழைய ஷூ கயிற்றில் கோர்த்து, இரட்டை முடிச்சு.

என் மணி இல்லை. என் முடிச்சும் இல்லை. வீட்டில் நான் அவள் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுவேன், உரசல் சத்தம் பிடிக்காது என்று. வெறுங்கழுத்தோடு தூங்கினாள். மணியோடு விழித்திருக்கிறாள்.

பல்கலைக்கழகத்தில் பிறர் மனத்தை அறிய முடியுமா என்பது பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதினேன். பாதியில் விட்டுவிட்டு வந்தேன். என் நாய் காலையில் எங்கே போகிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

நேற்று மாத்திரை போடவில்லை. காலை ஆறே முக்காலுக்கு நாய்க்கதவு ஆடும் சத்தம். கோட்டை ஒரு கையில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். நொண்டிக்கொண்டே, ஆனால் வேலைக்குப் போகிறவள் போலப் போனாள். இரண்டு தெரு, பழைய சுரங்கப் பாலம், பாதைகள் தொடங்கும் மண்தரை. அங்கே அறிவிப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் தள்ளி, ஒரு மரக்கட்டையில். என்னைப் பார்த்தாள். வால் இரண்டு முறை ஆடியது. எழுந்து வரவில்லை.

ஏழு மணிக்கு ஆரஞ்சு ஹெல்மெட் போட்ட ஒருவர் வந்தார். அறுபது தாண்டியிருக்கும். "மிஸ்டி" என்றார். என் நாய் எழுந்தது.

நான் உறைந்துபோனதைப் பார்த்து அவர் சொன்னார்: "பயப்படாத. ஒண்ணும் செய்யாது. தங்கமான நாய்."

என் நாயை எனக்கே அறிமுகப்படுத்தினார். யாருடையது என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்? வாயில் அதுதான் வந்தது.

"தெரியல. போன கோடையிலேர்ந்து வரா. அப்போ எப்பவாவதுதான், இந்த ஜூன்லேர்ந்து நான் எப்ப வந்தாலும் இருக்கா. நான் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் கூட்டிட்டுப் போவேன். அதுக்கு மேல ஓடவெச்சா மூட்டு போயிடும். வெச்சிருக்கறவங்க கவனிக்கறதே இல்ல போல. பாரேன், எலும்பும் தோலுமா."

தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கிளம்பினார்கள். அவள் அவருக்கு முன்னால் ஓடினாள். முன்னால்! என்னோடு ஒருநாளும் முன்னால் ஓடியதில்லை.

முக்கால் மணி கழித்து இறங்கி வந்தார்கள். அவர் கை காட்டிவிட்டுப் போனார். பிக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. மறுபடி பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள். அடுத்து வந்தது ரொட்டிக் கடை டெஸ். அவளிடம்தான் தினமும் ரொட்டி வாங்குகிறேன். "டோஸ்ட், வாடி" என்றாள். என் நாய் எழுந்தது.

இது என் நாய் என்று டெஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அவள் சைக்கிளை அப்படியே தரையில் போட்டாள்.

"நான் ரெண்டு தடவைதான் லூபா. வாரத்துக்கு ரெண்டே தடவை. சத்தியமா."

தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும். மற்றவர்களையும் டெஸ்தான் சொன்னாள்: அந்த ஆரஞ்சு ஹெல்மெட் லோர்ன், கீழே உருக்காலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் இரண்டு. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், ஆளுக்கு இரண்டு. நானும் இரண்டு. எல்லோரும் கவனமாக இருந்தோம். கவனமாக இருந்து இருந்து அவள் காலைத் தேய்த்துவிட்டோம்.

ஜூலை 3, வியாழன்

நாய்க்கதவை அடைத்துவிட்டேன்.

நோய் இல்லை. சாகப்போவதில்லை. டாக்டர் யூன் போனிலேயே சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஏன் இரண்டு முறை பல் தேய்த்தேன்?

என் வலிக்காகப் படுத்துக் கிடந்தாள் என்று ஜூன் 9-இல் எழுதியிருக்கிறேன். அவள் களைத்துக் கிடந்தாள். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நான்கு நாளாக அடைத்த கதவுக்கு முன்னால் படுத்திருக்கிறாள். தட்டில் பாதி அப்படியே. காலையில் ஏழு அடிக்கும்போது ஒரு முனகல். என்னைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து.

இவளுக்கு வேண்டியது நானா, ஓட்டமா? என்னோடு ஓடிய ஞாயிறுகள் அவள் வாரத்தில் வெறும் ஏழில் ஒன்றா? பின்னால் ஓடியது விருப்பமா, மரியாதையா?

மத்தியானம் லோர்ன் வந்தார். டெஸ் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கு வெளியிலேயே, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எலும்பும் தோலுமா இருக்கான்னு உங்கிட்டயே சொல்லிட்டேன்."

"சொன்னீங்க."

"என் நாய்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க சொன்ன நாய் என் நாய் மாதிரியே இல்ல. அவ முன்னால ஓடுவாளா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பின்ன? முன்னாலதான் ஓடுவா. நான் மெதுவா எறங்குவேன். அந்த ரெட்டை லார்ச்சு கிட்ட எனக்காக நிப்பா. நான் வர்ற வரைக்கும் அசையமாட்டா."

அவர் கட்டிய மணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள்ளச் சொன்னார். இனி பெர்ரி பழுக்கிற காலம், கரடி இறங்கும் என்றார். பிக்கா கேட்டின் கம்பி வழியே அவர் முழங்காலை முகர்ந்துகொண்டிருந்தாள். குனிந்து தொடலாமா என்று என்னைப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது மனிதர், என்னிடம் அனுமதி கேட்டார்.

ஜூலை 9, புதன்

தீர்மானம். பாதம் ஆற மூன்று வாரம், ஓட்டமே கிடையாது. அதன் பிறகு புதனும் சனியும் மட்டும். அந்த இரண்டு காலையில் மணி எங்கள் கேட்டில் தொங்கும். முதலில் வருபவர் எடுத்துக் கட்டிக் கூட்டிப்போகலாம். மணி கட்டிய நாயை வேறு யாரும் கூப்பிடக் கூடாது. மற்ற நாளில் கதவு அடைப்பு.

டெஸ் பலகையில் எழுதி ஒட்டினாள். கீழே மூன்று பெயர்களையும் போட்டாள்: பிக்கா, மிஸ்டி, டோஸ்ட். நான்காவதாக யாரோ பேனாவால் 'ஜெனரல்' என்று சேர்த்திருக்கிறார்கள். இது யார்?

ஜூலை 30, புதன்

முதல் மணி. 'ஜெனரல்' என்று கூப்பிடுகிறவர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரிப் பெண்கள்தான். பிக்கா நொண்டவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எலும்பு கூடிவிட்டது, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். சிலந்தி வலையைத் துடைத்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். நாளை சனி. ஏழு மணிக்குத் தயாராகிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஏழு மணிக்குத் தயார். ஷூ, ஹெல்மெட், தண்ணீர். கேட்டுக்குப் போனேன். மணி இல்லை. நாயும் இல்லை.

விதி போட்டது நான்தானே – முதலில் வருபவர்.

தனியாகப் போனேன். காற்றில் எங்கோ எரியும் காட்டின் புகை, லேசாக. ஏற்றத்தில் என் மூச்சு மட்டும் கேட்டது. அது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது. இறக்கத்தில் இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது முறை விழப் பார்த்தேன்.

இரட்டை லார்ச்சில் பிரேக் பிடித்தேன். அங்கே பிக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் எப்போதும் கால் ஊன்றுகிற இடத்தில், கழுத்தில் மணியோடு. என்னைப் பார்த்ததும் உடம்பு முழுக்க ஆடியது. மணி கிணுகிணுத்தது. ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. முகம் மறுபடி பக்கத்துப் பாதைக்குத் திரும்பியது. லோர்ன் அந்த வழியாகத்தான் மெதுவாக இறங்குவார்.

பக்கத்தில் நின்று எண்ணினேன். பதினொன்று. யாரும் வரவில்லை. முப்பதில் எண்ணுவதை விட்டேன். அவள் விடவில்லை.

"சரி, பாத்து வா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பின்னால் மணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

எட்டரைக்கு நாய்க்கதவு ஆடியது. கயிற்றை அவிழ்த்து மணியை ஆணியில் மாட்டினேன், புதன்கிழமைக்கு. பாதங்களைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக, முழுசாக இருந்தன.

அவள் என் சைக்கிளிடம் போனாள். முன்சக்கரம், பெடல், பின்சக்கரம் என்று ஒவ்வொன்றாக, வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காலையில் எங்கே போயிருந்தாய் என்பது போல.