கரைக்குக் கீழே ஏழு வீடுகள்

அக். 20, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். துவைத்த துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. ஞாயிறன்று சபை வாலிபர் கூட்டத்தில், நினிவே நகரத்தை எச்சரிக்கக் கர்த்தர் அனுப்பிய யோனாவைப் பற்றிப் பேச வேண்டும். போதகர் கொடுத்த தலைப்பு: மனந்திரும்புதல். பத்து நிமிடம்.

குட்டைக் கரைகளைச் சோதித்துப் பதிவது என் வேலை. வேறு ஊர்க் குட்டையைப் பார்க்கப் போகும் வழியில் மேல்குட்டையைத் தாண்டினேன். கரையின் வெளிப்பக்கம், அடியில், ஈரம். விரல் பருமனுக்கு நீர் ஊறி வருகிறது. கீழே ஏழு வீடு, ஒரு களம்.

ஆகஸ்டில் அந்தக் கரைக்கு நான் படிவத்தில் பதிந்தது: 'நன்று'. போகவே இல்லை. வண்டி ஏறாத பாதை, வழுக்கல். போன வருடப் படத்தையே ஏற்றினேன். எல்லோரும் செய்வதுதான்.

'எல்லோரும்' - அடிக்க வேண்டிய சொல்.

பயிற்சியில் சொன்னது: ஊறும் நீர் தெளிவாக இருந்தால் கண் வை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது, ஆட்களைக் கிளப்பு. பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். தெளிவு. ஏறக்குறைய.

அக். 21

மழை. மேற்பார்வையாளரிடம் சொல்லப் போனை எடுத்தேன். வருகைப் பதிவு பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். பிறகு லீவு சொல்லிவிட்டு, மலையிறங்கும் போளூர் பஸ். காரணம் பல்வலி. பல் வலிக்கவில்லை.

யோனாவும் எதிர்த்திசையில்தான் போனான். அவனுக்குக் கப்பல். எனக்கு ஜன்னலோர சீட்.

முன் சீட்டில் இருவர்:

"மேல இன்னா, மழ வுட்டுச்சா?"

"எங்க வுட்டுச்சு. கரண்டு போய் ரெண்டு நாளாச்சு."

"குட்டைங்கள்லாம் ரொம்பிருக்குமே."

"ரொம்பறது இருக்கட்டும்பா. நின்னா சரி."

போளூர் ஸ்டேஷன் வரை நடந்தேன். டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் நின்றேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். வரிசையிலிருந்து விலகினேன். அடுத்த பஸ்ஸில் மலைக்கு. யோனாவை விழுங்கிக் கக்கியதுபோல் மீன் எதுவும் வரவில்லை. கொண்டைஊசி வளைவில் வாந்தி, அவ்வளவுதான்.

அக். 22

சின்னபொண்ணு அக்கா வீடு. ஏழில் கரைக்கு மிக அருகில் இருப்பது. ஆடுகள் பத்தொன்பது.

"அக்கா, கரை கசியுது. மழை இப்படியே பெய்ஞ்சா ஒடையலாம். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்டுங்க."

"நீதான மேடம் நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்த? ஊர்க்கூட்டத்துல படிச்சாங்களே."

"பாக்காம எழுதிட்டேன்க்கா."

திட்டுவார் என்று நின்றேன். துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"ஆட்ட இன்னா பண்றது?"

ஆடுகளை நான் நினைக்கவே இல்லை. யோனாவின் எச்சரிப்பைக் கேட்டு நினிவேயில் மிருகங்களுக்கும் இரட்டு, மனந்திரும்புதலின் சாக்குத்துணி, உடுத்தினார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்த இடம்.

சாயங்காலத்துக்குள் ஏழு வீடும் பள்ளி வராந்தாவில். ஆடுகளோடு. என் ஒரு சொல்லுக்கு எழுந்து வந்துவிட்டார்கள். 'நன்று' என்பதையும் இப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

மேற்பார்வையாளர் போனில்: "ஒன்ன யாரும்மா சொல்லச் சொன்னது? எஞ்சினியரு திங்கக்கிழம வர்றாரு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

அக். 24

வெயில். கரை நிற்கிறது. வராந்தா முழுக்க ஆட்டுப் புழுக்கை, தலைமையாசிரியை என்னைப் பார்ப்பதில்லை. குழாயடியில் ஒருவர்: "மேடம், ஒங்க வெள்ளம் எந்த பஸ்ல வருது?" சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

மதியம், கரைக்கு எதிர்மேட்டில், ஒரு செடி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். எதற்குக் காத்திருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. உடையட்டும் என்று. ஆளில்லாத வீடுகள்தானே. ஒரு சுவராவது விழட்டும். நான் சொன்னது சரியாகட்டும்.

நிமிர்ந்தேன். ஆமணக்குச் செடி. நினிவே அழியாதா என்று காத்திருந்த யோனாவுக்கு நிழல் தந்ததும் அதுதான்.

வாங்க வேண்டியவை: மெழுகுவத்தி, சோப்பு, பேனா.

பார்க்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டாயிற்று. இதை யாரிடம் ஒப்புக்கொள்வது. கர்த்தாவே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

அக். 26, ஞாயிறு

இரவெல்லாம் மழை. கூட்டத்தில் நான்கு நிமிடம் பேசினேன். கப்பல், மீன், நினிவே. ஆமணக்கு வரை போகவில்லை. போதகர்: "நல்லா இருந்துச்சும்மா. முடிவுதான் வரல."

திரும்பும் வழியில் பார்த்தால் பள்ளி வராந்தா காலி. அறுத்த சாமை களத்தில் கிடக்கிறது. சாமிக்குப் படைக்கும்வரை களத்தை ஆளில்லாமல் விடுவதில்லை. வீட்டுக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். நான்கு நாள் விட்டதே தப்பு என்று ஏழு வீடும் காலையிலேயே கிளம்பிவிட்டார்களாம். ஒருவருக்குப் பதில் எல்லோரும்.

12.40. கரை. பாட்டிலில் பிடித்தேன். காப்பி நிறம்.

மேற்பார்வையாளர் போனை எடுக்கவில்லை. மேற்கே வானம் இருண்டு வருகிறது.

1.15. களம். சாமைக் குவியல்களின் மேல் தார்ப்பாய். சின்னபொண்ணு அக்கா தூரத்திலிருந்தே:

"வாங்க மேடம். இன்னிக்கும் ஒடையுதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒடைய வேணாம்னுதான்க்கா வேண்டிக்கிறேன். அன்னிக்கு ஒடையணும்னு நெனச்சேன். தப்பு. இன்னிக்கு எழுந்து வாங்க."

சிரிப்பு நின்றது. ஒரு பெரியவர்: "களத்த வுட்டுட்டு திரும்பவுமா? நீ போம்மா. நாங்க பாத்துக்கறோம்."

"நீங்க எழுந்தாதான் நானும்."

உட்கார்ந்துவிட்டேன். யோனா ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தான். இது உள்ளே, கரைக்கு நேர் கீழே. இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1.30. தூறல். அக்கா பக்கத்தில் வந்து குந்தினார். பாட்டிலை வாங்கிக் குலுக்கினார், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அடியில் மண் தங்கட்டும் என்று தரையில் வைத்தார். தங்கியது. விரல் அளவு.

"இது நம்ம கரை மண்ணுதான்."

"ஆமாக்கா."

"ஆட்ட அவுக்கட்டா?"

அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். நான்கு வீடு எழுந்துவிட்டது. மழை பெரிதாகிறது. தார்ப்பாய்க்குள் இன்னும் மூன்று வீட்டார். எழுந்து போய் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கப் போகிறேன். பேனாவை வைக்கிறேன்.