பெட்டிக்கு நாற்பத்தெட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பட்டறையில் உள்ள ஆறு பேரும் நலமாக இருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி, இரண்டு கவலை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய தேய்க்கும் பிரஷ் சாம்பிள்களை இங்கே பதினோரு கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் காட்டினேன். மரப்பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். நாரைப் பிடித்து இழுத்தார். ஒன்றுகூடக் கையோடு வரவில்லை. "யார் செய்யறாங்க?" என்று கேட்டார். ஒரு சின்னப் பட்டறை என்று சொன்னேன். என் அக்கா என்று சொல்லவில்லை.

முதல் கவலை அதில்தான். நம் ஊரில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் வாங்குகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பதும், ஏற்றுமதித் தாள்களைச் சரிபார்ப்பதும்தான் எங்கள் அலுவலகத்தின் வேலை. ஆனால் சொந்தக்காரர்களின் தொழிலை நாங்களே கையில் எடுக்கக் கூடாது, வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் வரிசையில் ஒன்றரை வருடம் நிற்க வேண்டும். உன் பட்டறை அதுவரை தாங்காது. அதனால் ஃபாரத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

இரண்டாவது கவலை, நீ. எது சொன்னாலும் சரி என்பாய், செய்வதை உன் இஷ்டத்துக்குச் செய்வாய். ஃபோனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய். இந்தத் தொழிலில் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு எழுதும்போது 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுது. எனக்கு எழுதுவதை வீட்டு முகவரிக்கு அனுப்பு.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 'மதிப்பிற்குரிய ஐயா' போட்டு உன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியாயிற்று. என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு ஐயா போட்டதைப் பார்த்து அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறவு இல்லை என்று எழுதினாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வேலைக்காக எழுதியதுதான், தெரியும். இருந்தாலும் மீதியைச் சாயங்காலம்தான் எடுத்துப் படித்தேன்.

இங்கே நிலைமை சொல்லும்படி இல்லை. மொத்தக் கடைக்காரர் போன வாரம் வந்தார். "இப்பல்லாம் பிளாஸ்டிக்தாங்க ஓடுது. அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னவர்களை நான் அப்புறம் பார்த்ததே இல்லை. பிடியில் துளை போடுகிறவர் வேறு இடத்தில் வேலை விசாரிக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, மிஷின் சத்தத்திலேயே தெரிகிறது. பெட்டி கட்டும் கட்டுக்காரம்மா ஒருத்தருக்குத்தான் நம்பிக்கை குறையவில்லை. "கப்பல்ல போற பெட்டிக்குக் கயிறு எத்தனை சுத்து சுத்தணும்?" என்று தினமும் கேட்கிறார்.

இந்த ஆர்டர் வராவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். இதை அத்தானிடம்கூட நான் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. போன ஃபோட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்டர் வந்துவிட்டது. நூற்றைம்பது பெட்டி, பெட்டிக்கு நாலு டஜன். மொத்தம் ஏழாயிரத்து இருநூறு பிரஷ். ஏப்ரல் பதினெட்டாம் தேதிக் கப்பலில் ஏற வேண்டும்.

இனி நான் எழுதுவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. அக்கா, பெட்டியில் இருப்பதுதான் தாளில் இருக்க வேண்டும், தாளில் இருப்பதுதான் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டிக்கு நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தேழும் கூடாது, நாற்பத்தொன்பதும் கூடாது. இங்கே கஸ்டம்ஸில் பெட்டியைப் பிரித்து எண்ணுவார்கள். தப்பினால் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள். குறைந்தால் ஏமாற்று, கூடினால் கடத்தல் என்பது அவர்கள் கணக்கு. எண்ணும் வேலையை அத்தானிடம் விடாதே. யாராவது பேச்சுக் கொடுத்தால் பாதியில் விட்டுவிடுவார்.

பொறுப்பு அதிகாரி என்று என் கையெழுத்து இருக்கிறது, அக்கா. நேற்று ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் சவரம் செய்துகொண்டு அலுவலகம் போய்விட்டேன். அப்படி இருக்கிறது என் நிலைமை. புரிந்ததா, அக்கா? புரிந்தது என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

புரிந்தது. எழுதிவிட்டேன், போதுமா ஐயா?

பெட்டிகள் கப்பல் ஏறிவிட்டன. ஏழு வாரமாகப் பட்டறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளூரில் இருந்து வந்த இரண்டு சின்ன ஆர்டர்களையும் முடியாது என்று திருப்பிவிட்டேன். எல்லா முட்டையையும் உன் கூடையில் போட்டிருக்கிறேன். துளை போடுகிறவர் இப்போது வேறு வேலை விசாரிப்பதில்லை, புதுச் சட்டை வாங்கியிருக்கிறார். கடைசிப் பெட்டியை ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பியதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ ரொம்பப் பயப்படுகிறாய். எல்லாம் நல்லபடியாகவே போயிருக்கிறது. பெட்டியைப் பிரிக்கும்போது அந்தக் கடைக்காரம்மா முகம் மலரும், பார். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். உனக்கும் நல்ல பேர் கிடைக்கும்.

அன்புடன்,
அக்கா


மே 1

அக்கா,

முகம் மலரும் என்று எழுதியிருக்கிறாயே, எதனால் மலரும்? பெட்டிக்குள் என்ன வைத்தாய்? வாழ்த்து அட்டையா? பூ ஏதாவது வரைந்த தாளா? காய்ந்த இலை, விதை என்று எதுவும் இல்லையே?

மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்று முறையும் "வந்து சேரட்டும், பாரேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். கப்பல் வந்து சேர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இப்போது சொன்னால்கூடத் தாளைத் திருத்திவிடலாம். சேர்ந்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தயவுசெய்து சொல்.

தம்பி


மே 16

அக்கா,

சரக்கை நிறுத்திவிட்டார்கள்.

பத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பத்திரண்டு. டஜனுக்கு ஒன்று கொசுறு, அதுதானே உன் ரகசியம்? நூற்றைம்பது பெட்டியில் அறுநூறு பிரஷ் தாளில் இல்லாமல் வந்திருக்கிறது. அறுநூறு, அக்கா. கொசுறு என்றால் என்ன என்று கஸ்டம்ஸ்காரரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். "காசு வாங்காம யாராவது குடுப்பாங்களா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார். கடைசியில் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

எங்கள் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "எண்ணிக்கை மாறக் கூடாதுன்னு கம்பெனிக்கு எழுத்துல சொன்னீங்களா?" சொன்னேன். ஆனால் அலுவலகத் தாளில் சொல்லவில்லை, மார்ச் ஒன்றாம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தில் சொன்னேன். உனக்குச் சொன்னால் போதும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டினால் ஃபாரத்தில் பொய் எழுதியது தெரிந்துவிடும். காட்டாவிட்டால் நான் கடமை தவறியவன். எப்படிப் பார்த்தாலும் வேலை போகும்.

நீ என் அக்காவாக இல்லாமல் வெறும் கம்பெனியாக இருந்திருந்தால் நான் எழுதியதை மதித்திருப்பாய்.

தம்பி


மே 28

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

இதற்கு மேல் இந்த நடையில் என்னால் எழுத முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். நீ எழுதியதை நான் மதிக்காமல் இல்லை. நாற்பத்தொன்பது கூடாது என்பதை மூன்று தடவை படித்தேன், கட்டுக்காரம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் "அது விக்கிற சரக்குக்குச் சொல்றாரும்மா, கொசுறுக்கு இல்ல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பத்தொன்பது வருடமாக டஜனுக்கு ஒன்று கொடுக்கிறேன். வாங்கியவர்கள் யாரும் அதை எண்ணியதில்லை, நானும் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. அது சரக்கு இல்லை, மரியாதை. முதன்முதலாக வாங்கும் அம்மாவுக்கு அந்த மரியாதை இல்லாமல் அனுப்பினால் உன் பேருக்குத்தான் குறைச்சல் என்று நினைத்தேன். உனக்கு நல்ல பேர் வரட்டும் என்றுதான் அறுநூறு பிரஷ் அதிகமாகச் செய்தோம். தப்பு என்னுடையது. அதை மறுக்கவில்லை.

மார்ச் ஒன்றாம் தேதிக் கடிதத்தை இதோடு அனுப்புகிறேன். உன் அதிகாரியிடம் கொடு. கத்தரிக்கோலை எடுத்து, 'அக்கா' என்று வந்த நாலு இடத்தையும், 'அத்தான்' என்று வந்த ஓர் இடத்தையும், கீழே 'தம்பி' என்று போட்டிருந்ததையும் வெட்டி எடுத்துவிட்டேன். மொத்தம் ஆறு ஓட்டை. கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல். இனி அது ஓர் அதிகாரி ஒரு கம்பெனிக்கு எழுதிய கடிதம்தான். நீ ஆசைப்பட்டபடியே வெறும் கம்பெனி ஆகிவிட்டேன்.

வெட்டிய துண்டுகளைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

பட்டறையை இந்த வாரம் திறக்கவில்லை. துளை போடுகிறவர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
பிரஷ் பட்டறை


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அன்று அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பையிலேயே வைத்திருந்தேன். மறுநாளும் வைத்திருந்தேன். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லத்தான் மூன்றாம் நாள் அதிகாரி அறைக்குப் போனேன். சொல்லியும் பார்த்திருப்பேன், மறைக்க மாட்டேன்.

அவர் கடிதத்தை வாங்கிச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நாலு மூலையும் நறுக்கென்று வெட்டிய ஓட்டைகள், அக்கா. எந்தப் பூச்சி இப்படி அரிக்கும்? பிடியில் நார் வைப்பது போல அளந்து வெட்டியிருக்கிறாய். ஓர் ஓட்டையில் விரலை விட்டபடி, "இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அக்கா" என்றேன்.

பிறகு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். புது ஃபாரம் ஒன்று கொடுத்தார். 'உறவு' என்ற கட்டத்தில் 'உடன்பிறந்த அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை முடியும்வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தாறாம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உன் கோப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அவர் அறுநூறையும் புதுத்தாளில் ஏற்றி, நேற்று பெட்டிகளை விடுவித்துவிட்டார். உனக்கு வர வேண்டியது வந்துவிடும். ஆனால் கடைக்காரம்மா அடுத்த ஆர்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூட வந்ததை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். எதற்கு என்று சொல்லவில்லை. பட்டறையைத் திற. துளை போடுகிறவரை வாசலில் நிறுத்தாதே.

அன்றைக்கு 'வெறும் கம்பெனி' என்று எழுதியிருக்கக் கூடாது. பயத்தில் எழுதினேன் என்று சொன்னால் சாக்காகத்தான் இருக்கும். எழுதியது எழுதியதுதான்.

இப்போது ஒரு காரியம். விசாரணைக்கு அந்தக் கடிதம் முழுதாக வேண்டுமாம். ஓட்டையோடு செல்லாது. தீப்பெட்டியில் இருக்கும் துண்டுகளை உடனே அனுப்பு, நானே உட்கார்ந்து ஒட்டிக்கொள்கிறேன். ஆறும் வேண்டும், எண்ணி அனுப்பு. கொசுறாக ஏதாவது வைத்தால் தாளில் எழுதிவிடு.

அன்புடன்,
தம்பி