அழைப்பவர்கள்

ஏரியூர்
6-11-2024

அன்புள்ள வாணிக்கு,

மாமா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் நீ வக்கீல் மாதிரி வாதாடுகிறாய். அதனால் தம்பி மகள் சோபனாவின் கல்யாணத்துக்கு நீ அடித்து அனுப்பிய பத்திரிகைப் புரூஃபோடு இதையும் டிரைவர் சென்னப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளையார் இந்த முறையும் சோர்ந்து தெரிகிறார், மாற்று. ரோஸ் நிறம் உன் அத்தைக்குப் பிடிக்கவில்லை, மெரூன் போடு. மணப்பெண்ணின் தாய் என்று பாஞ்சாலி பெயரைப் போட்டிருக்கிறாய், அதை எடுத்துவிடு. தம்பி பெயர் 'தெய்வத்திரு. குமார்' என்றே இருக்கட்டும். அழைப்பவர்களாக நானும் உன் அத்தையும் போதும். தாலி இழந்தவள் பெயர் மங்கல காரியத்தில் எதற்கு?

பாசமுள்ள மாமா,
மாதவராஜ்


பென்னாகரம்
8-11-2024

மாமாவுக்கு வணக்கம்.

பிள்ளையாரைச் சிரிக்க வைத்துவிட்டேன். மெரூனும் ஆயிற்று. பாஞ்சாலி அக்கா பெயரை மட்டும் எடுக்க மாட்டேன்.

செத்துப்போனவர் பெயர் இருக்கலாம், மல்பெரித் தழை பறித்துப் பட்டுப்புழு வளர்த்து மகளைப் படிக்க வைத்தவர் பெயர் இருக்கக் கூடாதா? அக்காவிடம் கேட்டேன். "எம் பேரு இல்லாட்டிப் போவுது வாணி, கல்யாணம் நல்லா நடந்தாச் சரி" என்றார். சொல்லிவிட்டு அந்தப் புரூஃபை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கோகிலவாணி


ஏரியூர்
9-11-2024

வாணி,

நீ அச்சடிப்பவள். கொடுத்ததை அடி. நம் வகையறாவில் காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதுவானாலும் உன் கடைக்கே அனுப்புகிறேன். புருஷன் இல்லாமல் தனியாக நிற்கிறாயே என்றுதான். நான் ஒரு சொல் சொன்னால் ஒருவரும் உன் கடைப்படி ஏற மாட்டார்கள். பெயரை எடு. இல்லையென்றால் தர்மபுரியில் அடித்துக்கொள்கிறேன். பிறகு உனக்குப் பத்திரிகை வைக்கவும் வர மாட்டேன்.

மாதவராஜ்


பென்னாகரம்
11-11-2024

மாமாவுக்கு,

தர்மபுரியிலேயே அடித்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைச் சென்னப்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடை போய்விடுமே என்று பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் வகையறா வராவிட்டால் தை மாதம் முழுக்க மெஷின் சும்மா கிடக்கும். கிடக்கட்டும். பெற்ற தாயின் பெயரை அடித்துத் திருத்தும் வேலையை இந்தக் கடையில் செய்ய மாட்டேன்.

வீட்டில் பழைய பத்திரிகை ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் மூத்த மகன் கல்யாணம், பேரனின் காதுகுத்து, எதுவானாலும் சரி. அடியில் பொடி எழுத்தில் 'கோகிலவாணி பிரிண்டர்ஸ், பென்னாகரம்' என்று இருக்கும். அதுவும் தாலி இழந்தவள் பெயர்தான். அதைப் பூஜையில் வைத்து, மஞ்சள் தடவி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். எந்தக் கல்யாணம் நின்றது?

எனக்கு நீங்கள் பத்திரிகை வைக்க வேண்டாம். முகூர்த்தத்தன்று பாஞ்சாலி அக்காவைக் கையோடு அழைத்துக்கொண்டு வருவேன். இருவரும் மணமேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்காருவோம். எழுந்திருக்கச் சொல்வதென்றால் நீங்களே வந்து, சபை நடுவில், சோபனா காதில் விழும்படி சொல்லுங்கள்.

கோகிலவாணி