சங்கிலி வரைந்த வட்டம்

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள் பிரையனியின் ஆராய்ச்சிக்காக இன்றும் விரிகுடாவின் அடித்தரையைப் படம் பிடித்தோம். படகு என்னுடையது, படிப்பு அவளுடையது. கேமரா கட்டிய கோலைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருக்க டைல்ஸ் ஒட்டுகிறவனின் படிப்பே போதும். கடல்புல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கம்ப்யூட்டரே சொல்லுமாம். பச்சையைப் பார்த்தா என்று கேட்டேன்.

“நெறத்த எடுத்துருவோம்பா. எல்லாம் சாம்பல்தான். எந்தச் சாம்பலுக்குப் பக்கத்துல எந்தச் சாம்பல் குடியிருக்குன்னு எண்ணுவோம்.”

பிப்ரவரி 12

இது என் தொழில்தானே! வேலைக்குப் போன வீட்டுக் குளியலறையில் நாலு வகைச் சாம்பல் டைல்ஸ். வெளிறியதற்கு வலப்பக்கம் வெளிறியது எத்தனை, கருத்தது எத்தனை — அட்டைப்பெட்டியில் கட்டம் போட்டு எண்ணினேன். பிரையனி பார்த்துச் சிரித்தாள். “ஒரே சாம்பல் பக்கத்துப் பக்கத்துல வந்து எண்ணிக்கை மூலைவிட்டத்துல குவிஞ்சா வழுவழுப்பு, மணல். கட்டம் முழுக்கச் செதறுனா கரடுமுரடு, புல். நீ பாஸ்பா!” பசை வாளியிலேயே இறுகிவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

கண்ணை மூடினால் எல்லாம் அண்டை வீடுகளாகத் தெரிகின்றன. மேகத்துக்குப் பக்கத்தில் மேகம். மனைவி ரொண்டாவின் நரைக்குப் பக்கத்தில் இன்னும் நரைக்காத முடி. இருபது வருடமாக இந்தத் தலையை நான் பார்க்கவே இல்லையா?

மார்ச் 2

வரைபடம் வந்துவிட்டது. கருப்பாகத் தெரிந்த புல் நடுவே இரண்டு வெள்ளை வட்டங்கள். ஒன்று பக்கத்துப் படகுக்காரன் லென்னி தன் படகைச் சங்கிலியில் கட்டிவைக்கும் இடம். “புல்ல வழிச்சுத் தின்னுட்டான் பாரு!” என்று சிரித்தேன். இன்னொன்று என்னுடையது.

“காத்துக்குப் படகு சுத்துதுல்ல, அடியில சங்கிலியும் சுத்தி வழிச்சிருக்குப்பா.”

மணல் திட்டாக இருக்கும் என்று வாதாடினேன். “வலப்பக்கத்தையே எண்ணுனா எப்படி? மேல, கீழ, மூலைக்கு மூலை எண்ணிப் பாரு” என்றேன். பெரிய வக்கீல்!

மார்ச் 3

எண்ணிவிட்டாள். அலை படிந்த மணலில் வரிகள் ஓடும். வரியோடு போனால் வழுவழுப்பு, குறுக்கே போனால் கரடு. நம் வட்டத்தில் நாலு திசையிலும் ஒரே விடை. “இப்படி எல்லாப் பக்கமும் ஒண்ணாத் தேய்க்கிறது சங்கிலி மட்டுந்தான்பா.” யோசனை சொன்னவன் நான்.

மார்ச் 8

இது ஆய்வில் போனால் துறைமுக அலுவலகம் என் இடத்தை எடுத்துவிடும். இந்த விரிகுடாவில் வேறு இடம் கிடைக்காது. வாய் தவறியெல்லாம் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்றே கேட்டேன்: “நம்ம வட்டத்த மட்டும் விட்டுரலாமில்ல?”

“நீ சொன்னா விட்டுர்றேன்பா.”

அவள் கோபப்பட்டிருக்கலாம். சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 9

தனியாகப் போய்ப் படகில் மல்லாந்து படுத்தேன். காற்று மெல்லத் திருப்பியது. வானம் முழுக்க ஒரே சாம்பல் — எண்ண எதுவுமில்லை. அடியில் சங்கிலி கரகரத்தது. எத்தனை மதியங்கள் இதைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன்! ஒவ்வொரு தூக்கத்துக்கும் கீழே ஒரு பிடி புல் போயிருக்கும்.

அரைத்தூக்கத்தில் நானும் ஒரு புள்ளியாகிவிட்டேன். என் பக்கத்தில் யார்? லென்னி. அவன் வட்டம் ஆய்வில் இருக்கும், என்னுடையது இருக்காது. பிரையனிக்கு அது தெரியும். சாகும்வரை தெரியும். சே, என்ன கேட்டுத் தொலைத்தேன்!

மார்ச் 10

“நம்ம வட்டத்தையும் போடு” என்றேன். “நெசமாவா?” என்றாள். டோஸ்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

மே 18, ஞாயிறு

துறைமுக அலுவலகம் என் இடத்தையும் லென்னியின் இடத்தையும் எடுத்துவிட்டது; இனிப் படகை ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். இறங்குதுறையில் ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு வராத வித்தை. “இடது! அப்பா, உன் இடது!” என்று பிரையனி கத்த, ரொண்டா முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் தன் ட்ரெய்லரோடு காத்திருந்த லென்னி இறங்கி வந்தான்.

“உன் பொண்ணுக்கு வேற படிப்பே கெடைக்கலியாடா நெவ்?”

திட்டிக்கொண்டே என் ட்ரெய்லரை நேராகப் பிடித்தான். பிறகு அவனுடையதை நான் பிடித்தேன். வெயில் ஏறுவதற்குள் இரண்டு படகும் தண்ணீரில்.